எழுநூறு வருசத்துப் பூச்சாடி

உருத்திரபுரத்தில் ஒரு சாமியார் நிலத்துக்குள்ளிருந்து பூச்சாடி எடுக்கிறாராம் என்ற கதை, காலையில் கிளிநொச்சிச் சந்தையில் இறங்கியது. மத்தியானத்துக்குள் செட்டிகுளம் போய்விட்டது. நம்மூரில் ஒரு கடிதம் போய்ச் சேரக் கிழமைக் கணக்காகும். புளுகுக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லையே!

சாமியாருக்குப் பெயர் சாடிச்சாமி. வயது நூற்றிருபது என்றார்கள். வாயில் பல் முழுதும் இருந்தது. எழுநூறு வருசத்துக்கு முந்தி இந்தக் காட்டில் தவமிருந்த சித்தர்கள் புதைத்துவிட்டுப் போன சாடிகளை அவர் கனவில் காண்பார். விடிந்ததும் போய்த் தோண்டுவார். கறுத்து, பச்சைப் பாசி படர்ந்து, பார்த்தாலே கையெடுக்கத் தோன்றும் சாடி வெளியே வரும். அதில் துளசி நட்டு முற்றத்தில் வைத்தால் வயல் மூன்று மடங்கு விளையுமாம்.

சாடியின் அடியில் ஓர் ஓட்டை. உருத்திரபுரத்துச் சனம் ஒருநாள் இதில் துளசி நடும், தண்ணீர் வடிய வேண்டும் என்று எழுநூறு வருசத்துக்கு முந்தியே சித்தர் யோசித்திருக்கிறார். அவர் யோசித்துவிட்டதால் வாங்க வந்தவர்கள் யோசிக்கவில்லை.

சாமி காசு தொடமாட்டார். சாடி ஒன்றுக்கு நெல் ஒரு மூட்டை. அதையும் அவர் தொடுவதில்லை. சீடன் தூக்கி லொறியில் போடுவான்.

வரிசையில் முல்லைத்தீவுக் கடைக்காரர் றவூப் நானாவும் நின்றார். ஒரு மாம்பழம் வாங்க மூன்று கடையில் மணந்து பார்க்கிற மனிதர்.

"நானா, நீங்களும் நம்பிறியளோ?" என்று பின்னால் நின்றவர் கேட்டார்.

"நானெங்க நம்பினன்? நம்புறவன் இருக்கிறானே தம்பி! நாளைக்கு அவனுக்கு விக்கலாம்."

வரிசையில் முதலாவதாக நின்றவர் ஐயாத்துரை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர். சைக்கிளில் அவர் கட்டிக்கொண்டு வந்த மூட்டை விதைநெல். வீட்டில் வேறு நெல் இல்லை. மழையோ இன்றைக்கா நாளைக்கா என்று நிற்கிறது. விதைக்காத காணியைத் திருப்பி எடுப்போம் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அந்த மூட்டை போனால் காணியும் போனது.

சீடன் மூட்டையில் கை வைக்கிற நேரம் மனைவி கமலாசனி ஓடி வந்தாள். பின்னால் அவர்களுடைய நாய் ஜிம்மி.

"இஞ்சாருங்கோ! விதைநெல்லைக் குடுத்திட்டு வயலிலை எதை எறியப் போறியள்? துளசி இலையையோ?"

"சனத்துக்கு முன்னாலை கத்தாதை. சாடி வந்தால் நெல் தானா வரும்."

"தானா வாறதெண்டால் சாமி ஏன் எங்கடை மூட்டையைக் கேக்கிறார்?"

சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "சந்தேகம் பொல்லாதது, அம்மா. இதை மணந்து பார். சித்தர் காலத்து வாசம்."

அந்த வாசத்தை மணந்து அழுதவர்கள் பலர். கமலாசனியும் குனிந்து மணந்தாள். நிமிர்ந்தாள்.

"சாமி, இது என்ரை அடுப்படி வாசம். உங்கடை சீடன் என்னட்டைத்தான் புளிச்ச தயிர் வாங்கிறவர். நல்ல தயிர் குடுத்தாலும் வேண்டாமாம், புளிச்சதுதான் வேணுமாம். நீங்கள் காத்தைக் குடிச்சுத் தவமிருக்கிறியள். அவ்வளவு தயிரும் எங்கை போகுது?"

"அது பூசைக்கு, அம்மா."

"ஓம், பூசத்தான்!"

வரிசையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சாமிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வாய் நிற்காது.

"இந்தச் சாடிகளுக்குப் பைரவர் காவல்! பொய்யெண்டால் பைரவரே வந்து காட்டிக் குடுக்கட்டும்!"

"அவரும் வந்துதான் நிக்கிறார்," என்று கமலாசனி விலகி வழிவிட்டாள். "ஜிம்மி, இஞ்சை வாடா."

ஜிம்மி வந்தது. மணந்தது. நக்கியது.

முதல் நக்கில் நூறு வருசம் போனது. அடுத்த நக்கில் இன்னொரு நூறு. சித்தர் காலத்துப் பாசி ஜிம்மியின் நாக்கில் பச்சையாக ஒட்டிக்கிடந்தது.

"பைரவர் முத்தமிடுறார்! பாருங்கோ!" என்று சாமி கூவினார்.

"அரோகரா!" என்று சனம் கூவியது. ஒருவர் ஜிம்மியின் வாலடியில் விழுந்தே விட்டார்.

"முத்தத்திலை பாசி கரையுமோ?" என்றாள் கமலாசனி. சாமியின் செம்புத் தண்ணீரை எடுத்துச் சாடியில் ஊற்றி, தேங்காய்ப் பொச்சுத் தும்பால் தேய்த்தாள். எழுநூறு வருசமும் சேறாக வழிந்தது. அடியிலிருந்து எட்டிப் பார்த்தது, போன கிழமை சூளையிலிருந்து இறங்கிய சிவப்பு.

ஜிம்மிக்கு ஒரு சாடி போதவில்லை. மூக்கு போன வழியே சாமியின் கொட்டிலுக்குள் நுழைந்து, தொங்கிய சாக்கைக் கடித்து இழுத்தது. உள்ளே நிரை நிரையாகப் புதுச் சாடிகள். பக்கத்தில் ஒரு வாளி தயிர், ஒரு வாளி குளத்துச் சேறு, ஒரு கூடை பாசி. ஒரு சாடி பாதி இந்தக் கிழமை, பாதி சித்தர் காலம். சீடன் வேலையைப் பாதியில் விட்டிருந்தான்.

ஆரம்பத்தில் தயிர் பூசி, ஈரச்சாக்கால் மூடி, நிழலில் வைத்து, உண்மையாகவே பாசி பிடிக்கும்வரை பொறுத்திருந்தார்களாம். கூட்டம் கூட, பொறுமை குறைந்தது. எழுநூறு வருசத்தைத் தயிரில் குழைத்துப் பூசி ஒரே வெயிலில் காயவைத்தால் நாய் நக்காமல் என்ன செய்யும்?

நூற்றிருபது வயதுச் சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டினார். அங்கே நடந்த ஒரே அற்புதம் அதுதான். சீடனும் பின்னால் பறந்தான். லொறி அங்கேயே நின்றது; சனம் தன் தன் மூட்டையை இறக்கிக்கொண்டது.

"தங்கச்சி," என்று றவூப் நானா கமலாசனியிடம் மெதுவாகக் கேட்டார், "நாய் நக்காத சாடி ஏதும் மிச்சமிருக்கோ?"

ஐயாத்துரை மூட்டையைச் சைக்கிளில் கட்டினார். பாதி வழிவரை தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "கமலா, எங்கடை ஜிம்மியிலை ஏதோ ஒரு சக்தி இருக்கு."

கமலாசனி தலையில் அடித்துக்கொண்டாள். மழை வந்தது. விதைத்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டு வாசல் படலையில் ஒரு கூட்டம். கையில் மாலை, கற்பூரம், தேங்காய்.

"பைரவரைக் கும்பிட வந்தனாங்கள்."

கமலாசனி விளக்குமாற்றோடு வந்தாள்.

"அது தயிரை மணந்தது, நக்கினது. அவ்வளவுதான். மூக்கு உங்களுக்கும் இருக்கு. அதுக்கு மேலை ஒரு மண்டையும் இருக்கு. நாய்க்குத் தேங்காய் உடைக்கிற நேரத்துக்கு, அதை ஒருக்காத் திறந்து பாருங்கோ!"