திருப்தியாளர் அனைவருக்கும் ஒரு கேடயம்

நெருப்பு, சக்கரம், பூஜ்ஜியம் ஆகிய மூன்றும்தான் மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பாவம், நான்காவது அப்போது நிகழ்ந்திருக்கவில்லை. அது எங்கள் அலுவலகத்தில், காபி இயந்திரத்துக்கு எதிரே உள்ள மீட்டிங் அறையில், ஏ.சி. ஓடாத ஒரு புதன்கிழமை நிகழ்ந்தது. நானே நேரில் பார்த்தேன்.

எங்கள் கம்பெனி ‘ஏற்றம்’ என்ற செயலியை நடத்துகிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் குடியிருப்போர் அதில் புகார் போடலாம். சரிசெய்வதும் எங்கள் பொறுப்பு. செயலிக்குள் வரும் வாசகங்களை எழுதுவது என் உத்தியோகம். ‘உங்கள் புகார் எங்கள் நெஞ்சில் உள்ளது’ என்பது அடியேன் எழுதியது.

அந்த அறையில் சுவரளவு ஒரு திரை உண்டு. வருகிற புகார் எல்லாம் அதில் சிவப்பாகத் தெரியும். அன்று திரை முழுக்க ஒரே சிவப்பு.

எம்.டி. கண்களைச் சுருக்கினார். “என்னய்யா இது, ரத்தக்களறி மாதிரி? நாளைக்கு அடுக்குமாடிக் கட்டடக் கூட்டமைப்புத் தலைவர் வர்றார். ‘உன்னத சேவை’க் கேடயம் கொடுக்கப்போறார். இதையா காட்டறது?”

“லிஃப்டையெல்லாம் சரிபண்ணிடலாமா சார்?” என்றேன்.

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆபாசமாக ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. விற்பனை மேலாளர் எனக்காக வருத்தப்பட்டுத் தொண்டையைச் செருமினார்.

“வடிகட்டலாம் சார்” என்றது ஒரு குரல்.

எங்கள் புரோகிராமர். இளம்பெண். ‘சல்லடை’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அலுவலகத்தில் அவளைப்போல் பணிவு வேறு யாருக்கும் கிடையாது. சொன்னதைச் செய்வாள், சொன்னதை மட்டும் செய்வாள்.

“அப்படின்னா?”

“ஒரு கேள்வி எழுதிடுவோம் சார். ஒவ்வொரு புகாரையும் தனித்தனியா அதுக்கு முன்னாடி நிறுத்துவோம். பதில் ‘ஆம்’னா திரையில வரும். ‘இல்லை’ன்னா வராது. அந்தக் கேள்விக்குப் பேர்தான் கண்டிஷன்.”

“வராத புகாரெல்லாம்? அழிச்சிடுவியா? நாளைக்கு யாராவது கேஸ் கீஸ் போட்டா?”

“ஒண்ணையும் அழிக்கமாட்டேன் சார். எல்லாம் இருந்த இடத்துலயே பத்திரமா இருக்கும். நாம பார்க்கமாட்டோம், அவ்வளவுதான்.”

எம்.டி. எழுந்து நின்றார். “இதுக்குப் பேர்தான்யா நாகரிகம்.”

அப்புறம் நடந்ததை ஜனநாயகத் திருவிழா என்பேன். ஆளாளுக்கு ஒரு நிபந்தனை கொடுத்தார்கள். படம் இல்லாத புகார் வதந்தி, ஆகவே தள்ளுபடி. அலுவலக நேரம் கழிந்து வந்த புகார் அத்துமீறல். ‘கேவலம்’, ‘வெட்கமாயில்லையா’ போன்ற சொற்கள் உள்ள புகார் பண்பாட்டுக்கு எதிரானது. ஒவ்வொரு நிபந்தனைக்கும் திரையில் சிவப்பு உதிர்ந்தது. ஆனாலும் மரியாதை தெரிந்து, படம் வைத்து, பகலில் புகார் போடுகிற பிடிவாதக்காரர்கள் கொஞ்சம் பேர் மிச்சமிருந்தார்கள்.

விற்பனை மேலாளர் மேஜையைத் தட்டினார். “சார், லிஃப்ட் பழுதானா தரைத்தளத்துலதான் போய் நிக்கும். அதைக் கண்ணால பார்த்தவன்தானே சாட்சி? அதனால புகார் போடறவர் தரைத்தளத்துல நின்னு போடணும்.”

“பிரமாதம்” என்றார் எம்.டி. “ஆனா கீழ நிக்கறவனுக்கு லிஃப்ட் எதுக்கு? நிஜமா பாதிக்கப்பட்டவன் மேல மாட்டிக்கிட்டவன்தானே? அவன் மாடியிலயும் இருக்கணும். எழுதிக்கோம்மா.”

சல்லடை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “சார், ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல உண்மையாகணுமா? நடுவுல ‘அல்லது’ போடட்டுமா?”

“அல்லதா? ‘அல்லது’ன்னா தளர்வு. நம்ம கம்பெனியில தளர்வு ஆகாது. ‘மற்றும்’ போடு!”

போட்டாள். திரை வெள்ளை வெளேரென்று ஆனது. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் என் போன் அதிர்ந்தது. அக்கா.

என் அக்கா மருத்துவமனையில் நர்ஸ். எட்டாவது மாடியில் குடியிருக்கிறாள். லிஃப்ட் நின்றுபோனதால் படியில் இறங்கி, வழுக்கி, கணுக்காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் கப்பலில் வேலை. இப்போது எந்தக் கடலில் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் காலை அக்காவுக்கு நேர்காணல். தலைமை நர்ஸ் பதவி. வருஷக்கணக்காகக் காத்திருந்தது. போகாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“டேய், உங்க ஆப்ல நான் போட்ட புகாரைக் காணோமே?”

“இருக்குக்கா. எங்க புரோகிராமர் பொண்ணு வடிகட்டியிருக்கா. தெரியாது, அவ்வளவுதான்.”

“சாமி மாதிரியா?”

“அதைவிட உறுதியா இருக்கு. சர்வர்ல இருக்கு.”

“விளையாடாதடா. நாளைக்கு நான் எப்படி இறங்கறது? ஒத்தக் கால்ல எட்டு மாடி குதிக்கவா? நீ வந்து தூக்கிட்டுப் போறியா?”

நான் வாசகம் தூக்குகிறவன், ஆள் தூக்குகிறவன் அல்ல என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? “பேசிப் பார்க்கறேன்க்கா” என்று வைத்துவிட்டு, துணிந்து எம்.டி.யிடம் போனேன்.

“சார், எங்கக்கா எட்டாவது மாடியில...”

“தரைத்தளத்துல இருக்காங்களா?”

“இல்ல சார், மாடியிலதான்.”

“அப்ப கண்டிஷன்ல வரலை. சொந்தக்காரங்களுக்காக விதியை வளைக்கச் சொல்றீங்க. இதுக்குப் பேர் என்ன?”

“சிபாரிசு சார்.”

“நல்லவேளை, உங்களுக்கே தெரிஞ்சிருக்கு.”

எப்பேர்ப்பட்ட நேர்மை! மெய்சிலிர்த்து என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஆனால் விற்பனை மேலாளருக்கு ஒரு கவலை பிறந்திருந்தது. “வெறும் வெள்ளையா இருந்தா திரை ரிப்பேருன்னு தலைவர் நினைச்சிடுவார் சார். பெருசா ஒரு வாசகம் வேணும். புகார் கொடுத்த எல்லாரும் திருப்தியா இருக்காங்கன்னு.”

“அதை நாம சொன்னா ஜம்பம். செயலியே சொல்லணும்” என்றார் எம்.டி. “ஏம்மா, இந்தத் திரையில இருக்கற எல்லாரும் திருப்தியான்னு அதையே கேளு.”

சல்லடை தட்டினாள். செயலி ஒரு கணமும் யோசிக்கவில்லை. ‘ஆம்.’

எம்.டி. வெள்ளைத் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

“எப்படிம்மா? யாருமே இல்லையே!”

“அதனாலதான் சார். திருப்தியில்லாத ஒரே ஒரு ஆளையாவது காட்டுன்னு அது தேடிப் பார்க்கும். ஒரு ஆள் கிடைச்சாலும் ‘இல்லை’ன்னு சொல்லிடும். யாருமே இல்லாத இடத்துல யார் கிடைப்பாங்க? கிடைக்கலைன்னா ‘ஆம்’. கணக்குப்படி அது சரிதான் சார்.”

“கணக்கே சொல்லிடுச்சுய்யா!” எம்.டி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பச்சை எழுத்தில் திரைக்கு வாசகம் எழுதினேன்: ‘புகார்தாரர் அனைவரும் திருப்தி.’ பொய் ஒரு துளியும் இல்லாத வாசகம். என் உத்தியோகத்தில் அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை கூட்டமைப்புத் தலைவர் வந்தார். நிறையக் கட்டடங்கள், கொஞ்சம் தொப்பை. திரையைப் பார்த்து உருகினார். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓர் ஆசையும் வெளியிட்டார். “திருப்தியா இருக்கற ஒருத்தரை நேர்ல பார்த்து, அவங்க கையால இதை உங்களுக்குக் கொடுக்க வெச்சு ஒரு படம் எடுத்துடுவோமே!”

எம்.டி. சல்லடையைப் பார்த்தார். சல்லடை திரையைப் பார்த்தாள். திரையில் பார்க்க யாரும் இல்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“புகார் போட்ட உங்கக்கா வீட்டுலதானே இருக்காங்க?” என்றார் எம்.டி.

“சார், அது சிபாரிசு ஆயிடாதா?”

“அது நேத்து. இன்னைக்கு இதுக்குப் பேர் கௌரவம்.”

இரண்டு டாக்ஸிகளில் போய் இறங்கினோம். அக்காவின் கட்டடத்தில் லிஃப்ட் வாயைத் திறந்தபடி தரைத்தளத்தில் நின்றது. உள்ளே யாரோ ஒரு சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

“உடம்புக்கு நல்லது சார், படியில போவோம்” என்றார் விற்பனை மேலாளர்.

மூன்றாவது மாடியில் தலைவர் கோட்டைக் கழற்றினார். ஐந்தாவதில் எம்.டி. பேச்சை நிறுத்தினார், வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் கேட்காத மௌனம் அது. ஏழாவதில் விற்பனை மேலாளர் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றார். சல்லடை மட்டும் கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் போய் மணியடித்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அக்கா வெளுத்த சீருடையில், தலைவாரி, மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சான்றிதழ்ப் பை.

“மேடம்...” எம்.டி. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “எங்க சேவையில... நீங்க... திருப்தி...”

அக்கா எங்களை மேலிருந்து கீழாக அளந்தாள். வார்டில் புதிதாக வந்த உதவியாளர்களைப் பார்க்கிற பார்வை. “வாங்க. ஆம்பளைங்க நாலு பேர் இருக்கீங்க. போதும். நாற்காலிக்கு ஆளுக்கொரு கால்.”

“மேடம், நாங்க கேடயம்...”

“அதை அந்தப் பொண்ணு எடுத்துட்டு வரட்டும். கூடவே அந்த ஊன்றுகோலையும் எடுத்துக்கோம்மா. டேய், நீ பின்னாடி இடது பக்கம். சார், முதுகை வளைக்காதீங்க, முழங்காலை மடக்குங்க. அப்புறம் என் வார்டுலயே வந்து படுப்பீங்க. ஒண்ணு, ரெண்டு... தூக்குங்க!”

தூக்கினோம். ஒரு எம்.டி., ஒரு கூட்டமைப்புத் தலைவர், ஒரு விற்பனை மேலாளர், ஓர் எழுத்தாளர். உலகத்தில் எந்த லிஃப்டும் இத்தனை பதவிகளோடு இறங்கியிருக்காது. ஒவ்வொரு வளைவிலும் அக்கா ஆணையிட்டாள்.

“யாரு அது ஆட்டறது? தலைவரா? ஒரு நாற்காலியவே பிடிக்கத் தெரியலையே, கூட்டமைப்பை எப்படி சார் பிடிச்சிருக்கீங்க?”

“கை வழுக்குதும்மா...”

“எனக்குக் காலே வழுக்குச்சு. நடங்க சார்!”

கீழே வந்து சேர்ந்தபோது நான்கு பேரும் நனைந்த துணி மாதிரி இருந்தோம். அக்காவை டாக்ஸியில் ஏற்றினோம். அவள் கண்ணாடியை இறக்கி, சல்லடையைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, வடிகட்டறது நீதானே?”

“ஆமாங்க்கா.”

“இதோ நிக்கறாங்களே நாலு பேர். இதுல வெட்கப்படறவங்களை மட்டும் வடிகட்டிச் சொல்லு.”

சல்லடை பணிவான பெண் என்று சொன்னேனே! ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்த்தாள். தலைவர் கேடயத்தில் பட்ட விரல் அடையாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எம்.டி., “படம் எடுக்க மறந்துட்டோமே” என்று புலம்பிக்கொண்டிருந்தார். விற்பனை மேலாளர் ‘மனிதச் சேவை’ என்று தனிக் கட்டணத் திட்டம் ஒன்றை அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தார். நான் அதற்கு மனசுக்குள் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“யாருமில்லைங்க்கா. காலி” என்றாள் சல்லடை.

“நினைச்சேன்” என்றாள் அக்கா. டாக்ஸி புறப்பட்டது.

நேர்காணலுக்குச் சரியான நேரத்துக்குப் போய்விட்டாள். ‘நெருக்கடியில் ஆட்களை வேலை வாங்கிய அனுபவம் உண்டா?’ என்று கேட்டார்களாம். “இப்பதான் முடிச்சிட்டு வர்றேன்” என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. லிஃப்ட் இன்னும் தரைத்தளத்தில்தான் நிற்கிறது. கேடயம் மீட்டிங் அறையில், திரைக்குப் பக்கத்தில் மின்னுகிறது.

எங்கள் செயலியைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் நான் சும்மா விடமாட்டேன். அது பொய்யே சொல்லாது. வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். அந்த நான்கு பேரில் வெட்கப்பட்டவர்கள் எல்லோரும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்.

ஒரு கணமும் யோசிக்காமல், பச்சை எழுத்தில் சொல்லும்: ‘ஆம்.’