மூடியை இறுக்கிய சம்பந்தி

அன்புள்ள கெஸீனா அக்காவுக்கு,

தம்பி ஹின்னெர்க் வணக்கத்தோடு எழுதுவது. சட்டை ஒன்றைத் தவிர நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? உங்கள் ஃப்ளென்ஸ்புர்க்கில் வழக்கம்போல் மழை பெய்கிறது, யாரும் யாரோடும் பேசுவதில்லை என்றால் மிக்க மகிழ்ச்சி. அதன் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நம் வீப்கே கட்டிக்கொள்ளப்போகும் பையனின் வீட்டாரைப் பார்க்கத் தெற்கே ஃபால்ஸ் பக்கம் வந்தேன். திராட்சைத் தோட்டக்காரர்கள். இருக்கிற ஒரே பெண்ணை நாட்டின் இந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு, நான் ஹூசும் வீட்டில் தனியாக யாரோடு சண்டை போடுவது என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சம்பந்தி ஓட்மார் பார்த்த மாத்திரத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார். நம் ஊரில் சாவு வீட்டில்கூட இவ்வளவு நெருங்க மாட்டோம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் வைனில் கொஞ்சம் சோடா விட்டு அரை லிட்டர் டம்ளரில் தருகிறார்கள். அதற்குப் பெயர் உபசாரம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஹிர்ஷன்ஃபெல்ஸ் கோட்டைக்குப் போனோம். மாப்பிள்ளை மட்டும் அறுவடை வேலையில் இருந்துவிட்டான். கோட்டையின் பெரிய மண்டபத்தில்தான் கல்யாணப் பதிவு நடக்க வேண்டும் என்று வீப்கேவுக்குச் சின்ன வயதுக் கனவு. மண்டபத்துக்குப் போட்டியோ பலமாக இருக்கிறது. கோட்டை நிர்வாகி அம்மாள் மனது வைக்க வேண்டும். "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம இருங்க" என்று கெஞ்சினாள். நான் எதையும் திறக்கவில்லை, அக்கா. மூடினேன். வினையே அதுதான்.

கீழே ஊர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வீடாவது நேராக நிற்கவில்லை. அதைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஓட்மார் தன் தோட்டத்துப் புது வைன் பாட்டில் ஒன்றை என் முதுகுப்பையில் செருகி, "நிமிர்த்தியே வைங்க சம்பந்தி, மேலே போய்க் குடிப்போம்" என்றார். இந்தச் சரக்கு இன்னும் புளித்து முடியாதது, உள்ளேயே பொங்கிக்கொண்டிருக்கும், அதனால் மூடியைத் தளர்த்தியேதான் வைப்பார்கள் என்ற சின்ன விவரத்தை மட்டும் அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை. இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியுமாம். மலை ஏறும்போது என் முதுகு நனைந்தது. கசிவைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? நன்றாக இறுக்கிவிட்டேன்.

மண்டபத்தில் மரத்தரை தேயக்கூடாதென்று நம் ஷூவின் மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிவிடுகிறார்கள். ஆளாளுக்கு வாத்து மாதிரி வழுக்கிக்கொண்டு போனோம். நிர்வாகி அம்மாள் தரையின் வரலாற்றை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பையில் 'உஸ்' என்று சத்தம். வெளியே எடுத்து மூடியைக் கொஞ்சமாகத்தான் திருகினேன். மூடி பறந்து போய்ச் சுவரில் இருந்த பழங்காலப் பிரபுவின் படத்தில் மூக்கைப் பதம் பார்த்தது. வைன் பாதி தரைக்கு, பாதி அம்மாளின் தலைக்கு. துடைக்க ஓடிய சம்பந்தியம்மா ரோஸ்விதா வழுக்கி ஜன்னல் வரை போய்த்தான் நின்றார்.

வீப்கே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நாப்பது வருஷம் கொதிகலன் சோதிச்ச ஆளுக்கு இது தெரியாதா? வேணும்னுதானே செஞ்சீங்க? என் கல்யாணம் நடக்கக் கூடாது, அதானே உங்களுக்கு?"

அக்கா, அது நெஞ்சில் குத்திவிட்டது.

அப்போது ஓட்மார் குறுக்கே வந்தார். "அவரை ஏம்மா திட்டறே? காலையில கிளம்புற அவசரத்துல நான்தான் இறுக்கித் தொலைச்சேன்."

"நீங்க திராட்சைத் தோட்டக்காரர்தானே?" என்றாள் நிர்வாகி அம்மாள், தலையைத் துடைத்துக்கொண்டே.

"அதாங்க கேவலம்."

பார்த்தாயா அந்த மனுஷனின் திமிரை? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தப்பைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார்! மண்டபம் கிடையாது என்று அம்மாள் கையை விரித்துவிட்டாள். புது வைனின் மூடியை இறுக்கிய தோட்டக்காரர் என்று ஊரே சிரிக்கிறது; அவரைக் கண்டால் தெருவில் காற்றிலேயே மூடி திருகிக் காட்டுகிறார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். ரோஷம் என்பது மருந்துக்கும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் பெண்ணைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. கல்யாணத்துக்கு நான் போவதாக இல்லை, நீயும் போகாதே.

ஆண்டவர் உன் முழங்காலுக்குச் சுகம் தரட்டும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
மனம் நொந்த தம்பி
ஹின்னெர்க்

பின்குறிப்பு: இதை ஓட்மாரின் சமையலறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அறுவடைக்கு ஆள் பற்றவில்லை என்றார்கள், தங்கிவிட்டேன். இறுக்கியது நான்தான், ஆனால் சத்தியமாகத் தெரியாமல்தான் என்று நேற்று வீப்கேயிடம் சொன்னேன். "தெரியும்ப்பா. மாமா பொய் சொன்னா காது சிவந்துடும்" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் மே மாதம், இவர்கள் வீட்டு முற்றத்திலேயே. நீ கட்டாயம் வர வேண்டும். மாடியில் எனக்கென்று ஓர் அறைக்கு ஓட்மார் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஹூசும் வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரராகப் பார்.