ஷாஃப்ட் சிஸ்டர்ஸும் ஒரே ஒரு அமெரிக்கரும்

அமெரிக்காவைப் பற்றி எங்கள் அமெரிக்கா அண்ணனுக்குத் தெரிந்த அளவுக்கு அமெரிக்க ஜனாதிபதிக்கே தெரியாது. இத்தனைக்கும் அண்ணன் பெங்களூருக்குப் போவதே ஸ்பீக்கர் வாங்கத்தான். போன வேகத்தில் சாயங்கால ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுவார்.

கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் மைக்செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஒரு கல்யாணத்தில் எங்கள் தொழிலாளர் லைனில் இருக்கும் பவித்ராவும் அவள் சிநேகிதிகள் இருவரும் பாடினார்கள். அன்றைக்கே அண்ணனுக்குள் அமெரிக்கா புகுந்துகொண்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் நினைவாக மூவருக்கும் 'ஷாஃப்ட் சிஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்து, தானே மேனேஜர் ஆனார். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதால் கேமரா என் தலையில் விழுந்தது.

"இங்கேருந்து எவ்ளோ தங்கம் சீமைக்குப் போச்சு. பாட்டு போகக்கூடாதா?" என்பார். "லட்சம் பேரு வாணாம்மா. ஒரே ஒரு வெள்ளைக்காரன் ஒரு பாட்டை முழுசா கேக்கணும். அப்பால அவனே ஊரெல்லாம் சொல்லிடுவான்."

அந்த ஒருவனுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூன்று பெண்களுக்கும் நெற்றியில் விளக்கு வைத்த சுரங்க ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். தலையைக் கொஞ்சம் ஆட்டினாலும் அது இறங்கிக் கண்ணை மூடிவிடும். அதனால் நடனம் முழுவதும் கழுத்துக்குக் கீழேதான். பாட்டு தமிழில், நடுவில் கொஞ்சம் கன்னடம், அமெரிக்கர்களுக்காக வரிக்கு ஒரு 'பேபி'.

சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அண்ணன் மட்டும் ஷிஃப்ட்டிலிருந்து இறங்கவே இல்லை. உலகமே மூன்று ஷிஃப்ட்டில் ஓடுகிறது என்பது அவர் கணக்கு.

"நமக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு ஏறும்போது அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட்டு இறங்கும். வூட்டுக்கு வந்து குளிச்சுட்டு சும்மாதான குந்தினுருப்பான்? அப்ப புடிக்கணும்."

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் லைவ் போட்டோம். அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதல் செய்தியை நான் உரக்கப் படித்தேன்.

"தங்கச்சி, கொஞ்சம் ஓரமா நில்லும்மா. பின்னாடி சைனைட் மேடு தெரியட்டும்."

தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைதான் சைனைட் மேடு. அதைப் பார்க்க அமெரிக்காவில் அத்தனை பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் கே.ஜி.எஃப்பிலிருந்து போனவர்கள். ஸ்டேஷன் டீக்கடை இன்னும் இருக்கா என்று ஒருவர் கேட்டார். கேமராவை பாலகாட் சுரங்கத்துப் பக்கம் திருப்பச் சொன்னார் இன்னொருவர். ஒருவர் எதுவும் எழுதாமல் அழுகிற பொம்மையாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவனுங்க நம்மாளுங்கம்மா. மார்க்கெட்டு இல்ல. நீ பாட்டைப் புடி, மேட்டைப் புடிக்காத."

"அண்ணா, ஸ்வல்ப சும்மா இருங்க," என்ற பவித்ரா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள். சைனைட் மேடு நன்றாகத் தெரிந்தது. பாட்டை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் என் ஆபீஸ் என்னை ஆறு மாதத்துக்கு அமெரிக்கா அனுப்பியது. வழியனுப்ப வந்த எல்லாரும் ஊறுகாய் கொடுத்தார்கள். அண்ணன் பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "ஒருத்தன் போதும்மா," என்றார்.

அந்த ஒருத்தனைப் பிடிக்க எனக்குத் துப்பில்லை. ஆபீஸில் பாட்டை ஆரம்பித்தால், "நைஸ்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நகர்ந்துவிடுவார்கள். பிறகு பனிக்காலம் வந்தது. நாள் கணக்கில் தமிழ் பேசாமல் வாயே மரத்துப்போன ஒரு மாலை, தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தேன். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியம்மா, சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, வாசலிலேயே நின்று கேட்டு, பாட்டு முடிந்ததும் தலையாட்டிவிட்டுப் போனார்.

உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"முழுசா கேட்டாங்களா?"

"முழுசா, அண்ணா. சண்டை போடத்தான் வந்தாங்க. நின்னு கேட்டுட்டுப் போனாங்க."

"சண்டைக்கு வந்தவங்களையே நிக்க வெச்சுதா? அதான்மா மார்க்கெட்டு." பவித்ரா வீட்டுக்கு இப்போதே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார். "ஆமா, நீ இன்னாத்துக்கு அவ்ளோ சத்தமா வெச்ச?"

"ஊரு ஞாபகம் வந்துடுச்சு அண்ணா. தாங்க முடியல."

நான் மார்க்கெட் இல்லை, நம்மாளு. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"அப்டின்னா இன்னொரு வாட்டி வைம்மா," என்றார் அண்ணன் மெதுவாக. "அந்தம்மா திரும்பி வந்தா போனை அவங்க கையில குடு. நான் பேசிக்கிறேன்."

ஷிஃப்ட், ஷாஃப்ட், லெவல், கேஜ் என்று நாலு சுரங்க வார்த்தை, அப்புறம் பேபி. அண்ணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எனக்காக அமெரிக்காவிடம் பேச அவர் தயாராக இருந்தார்.