அரண்மனைத் தூணைத் தட்டிப் பார்த்தவர்

தட்டிப்பார்ப்பவர் என்றொரு பிறவி உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கடையில் பானை வாங்கும்போது தட்டுவார், சரி, தட்டட்டும். பக்கத்து வீட்டில் புதுக் கதவு போட்டால் தட்டி, அவர்கள் திறப்பதற்குள் "உள்ளே பொள்ளல் சார்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் மாவுக்கட்டைக்கூட விடமாட்டார். கண் எதற்கு இருக்கிறதாம்? தூங்கும்போது மூடிக்கொள்ள.

இந்தப் பிறவியில் தலைசிறந்தவர் எங்கள் திருவொற்றியூர் சுடலைராஜ். தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். விடிந்தது முதல் தேங்காயைச் சுண்டிச் சுண்டி முத்தல், இளசு, அழுகல் என்று பிரித்துப் பழகிய விரல், மண்டியைப் பூட்டிய பிறகும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அவருடைய கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை கலசத்துத் தேங்காயைத் தட்டி, "அழுகல், மாத்துங்க" என்றார். போட்டோவில் மணப்பெண் சுஜா இருக்கிறாள், தேங்காய் இருக்கிறது, மாப்பிள்ளை தேங்காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் எடுத்த ஒரு படத்திலாவது மனுஷன் அவளைப் பார்க்கவேண்டுமே! பாவம், அவள் கேட்டதெல்லாம் அப்படி ஒரே ஒரு படம். மாட்டுவதற்குக் கூடத்தில் ஆணிகூட அடித்து வைத்திருந்தாள்.

இந்த வருஷமும் அவர்கள் கல்யாண நாள் வந்தது. மீஞ்சூர் தாண்டி ஒரு சினிமா கம்பெனி, படம் முடிந்தும் பிரிக்காத அரண்மனை செட்டுக்கு டிக்கெட் போட்டிருந்தது. காரில் கிளம்பினார்கள். மணலியில் டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட, சுடலைராஜ் இறங்கிப் போய் ஒரு டேங்கரைத் தட்டினார். டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, தர்பூசா பொறுக்கிகினு கீற?"

"பாதிதான் கீது," என்று அவருக்கே தகவல் சொல்லிவிட்டுத் திரும்பினார் நம் ஆள்.

அரண்மனைக்குள் நுழைந்ததும் தூண். "தெர்மாகோல்!" பீரங்கி. "ஃபைபர்!" கோட்டைச் சுவர். "பிளைவுட்டு!" செட்டு என்று தெரிந்துதான் ஊரே டிக்கெட் வாங்கி வந்திருக்கிறது, இவருக்கு மட்டும் அது கண்டுபிடிப்பு. அதைவிட அநியாயம், கூட்டம் ரசிக்க ஆரம்பித்துவிட்டது. "அண்ணாத்த, அந்த யானைய ஒரு தட்டு தட்டேன்!" ஜனம் அரண்மனையை விட்டுவிட்டு அவர் பின்னால் போயிற்று. வாசலில் ஆடாமல் அசையாமல் நின்ற காவல் வீரனின் கேடயத்தைத் தட்டினார், கவசத்தைத் தட்டினார், கடைசியில் தலையைத் தட்டி, "மெழுகு" என்றார்.

மெழுகு வாயைத் திறந்தது. "யோவ் மாமு! சம்பளத்துக்கு நின்னுகினு கீறேன்யா!"

சுஜாவோ சிம்மாசனத்தில் இடம் பிடித்து, காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஜஸீமா என்ற பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னாங்க, வாங்க! ஒரே ஒரு போட்டோ!"

"தோ வந்துட்டேன்," என்றவர் யானையிடம் போனார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, சுஜாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒருவழியாக வந்தார், ஜனத்தோடு.

"அண்ணாத்த, அக்கா அயுறது நெஜமா, நடிப்பா? தட்டிப் பாரு!" என்றது ஒரு குரல்.

மனுஷன் யோசித்தாரா? விரலை மடக்கினார். பெண்டாட்டியின் நெற்றியில் டொக்கென்று ஒரு தட்டு!

சுஜா எழுந்தாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நெஞ்சில் காதை வைத்து, விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இன்னாக்கா சொல்லுது?" என்றாள் ஜஸீமா.

"அழுகல்," என்றாள் சுஜா. "கல்யாணத்தன்னிக்கே மாத்தியிருக்கணும்."

சுடலைராஜின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தையே பார்த்தார். ஜஸீமா அந்த நேரம் பார்த்துப் போனை அமுக்கினாள்.

கூடத்து ஆணியில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது. அவர் அவளைப் பார்க்கிறார். திருதிருவென்று முழிக்கிறார்தான், ஆனாலும் பார்க்கிறார். தனக்கு அது போதும் என்கிறாள் சுஜா. வருகிறவர்கள்தான் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டத்தை ஒரு சுண்டு சுண்டி, "தேக்கா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்கிறார்களாம்.

நீங்கள் அப்படியெல்லாம் கேட்கமாட்டீர்கள், தெரியும். எதற்கும் உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து, அதில் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பக்கத்தில் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ இருந்தால், நெஞ்சைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.