கன்னியாவில் நான் கொடுத்த பெயரும் நட்சத்திரமும்

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய செல்லத்தம்பி அத்தானுக்கு,

கனடாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் கோணேசர் அருளால் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். உங்களுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் பக்கத்தில் நின்று அக்கா சிரித்தால் என்னால் தாங்க ஏலாது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தனியே இருந்து வாசியுங்கள்.

நீங்கள் பாடுபட்டுப் பேசித் தந்த சம்பந்தத்தை ஒரே நாளில் கெடுத்துவிட்டேன். நோர்வேயிலிருந்து மாப்பிள்ளை இராகுலனும் தாயார் குணமணி அம்மாவும் நேற்று மகள் லோஜினியைப் பெண் பார்க்க வந்தார்கள். கதிரை போட்டு, பலகாரம் கொடுத்து, மரியாதையாக அனுப்பியிருக்கலாம். என் மனுசி சுலோஜனாவும் அதைத்தான் சொன்னாள். முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்து ஊரெல்லாம் அறிந்தவன் என்ற மிதப்பு எனக்கு. "திருமலைக்கு வந்தவையை வீட்டுக்குள்ள வைச்சே அனுப்புறதோ? நாலு இடம் காட்டினால் பிள்ளையளும் ஆறுதலாக் கதைக்கும்" என்று அப்ராஸ் தம்பியின் வாடகை வானைப் பிடித்தேன். வெயிலுக்கு நல்லதென்று எல்லாரையும் வெள்ளை உடுக்கச் சொன்னவனும் நான்தான்.

முதலில் கோணேசர் கோயில். பொருத்தம் பார்த்த கடதாசியைச் சுவாமியின் காலடியில் வைத்து எடுப்போம் என்று பையில் கொண்டு போனேன். கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மான்களைக் கண்டு குணமணி அம்மா ஆசைப்பட, வாழைப்பழம் எடுக்கப் பையைத் திறந்தேன். மான் பழத்தை மோந்து பார்த்துவிட்டுக் கடதாசியை இழுத்தது. நானும் விடவில்லை, இழுத்தேன். பத்துப் பொருத்தத்தில் எட்டு அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சம் இரண்டையும் நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நிலாவெளிக்குப் போய், புறாமலைக்குப் படகேறினோம். பவளப்பாறையும் வண்ண மீனும் காட்டி மாப்பிள்ளையை மயக்கலாம் என்பது என் திட்டம். அவர் மயங்கத்தான் செய்தார். படகு ஆடிய ஆட்டத்தில் போகும்போது ஒரு தரம், வரும்போது இரண்டு தரம் சத்தி எடுத்தார். லோஜினி அவர் தலையைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் எடுங்கோ, அந்தப் பக்கம் அப்பா இருக்கிறார்" என்றாள். பெண் பார்க்க வந்தவரோடு பெண் பேசிய முதல் பேச்சு இதுதான், அத்தான்.

உப்புப் போகக் குளிக்கலாம் என்று கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வானைத் திருப்பச் சொன்னேன். ஏழு கிணற்றுக்கும் ஏழு சூடு என்று விளக்கம் வேறு சொல்லிக்கொண்டு போனேன். செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய எங்கள் சனம் போகிற இடமும் அதுதான் என்பது அன்றைக்கென்று என் புத்தியில் ஏறவில்லை. வெள்ளை உடுப்பில் ஐந்து பேர், கையில் செம்பு, தேங்காய், பழம், போதாததற்குச் சுலோஜனா உருட்டிய எள்ளுருண்டை. மரத்தடியில் யாருக்கோ கிரியை முடித்திருந்த ஐயர் எங்களைக் கண்டதும் தர்ப்பையோடு எழும்பி வந்தார்.

"இருங்கோ. பேர், நட்சத்திரம்?"

அர்ச்சனைக்குத்தான் கேட்கிறார், நல்ல சகுனம் என்று நினைத்து, "இராகுலன், ரோகிணி!" என்று சத்தமாகச் சொன்னேன்.

"எப்ப தவறினவர்?"

"ஆர்?"

"இராகுலன்."

பக்கத்தில் நின்ற இராகுலன், "அது நான்தான், ஐயா. இன்னும் தவறேல்லை" என்றார். ஐயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடலில் அவ்வளவு சத்தி எடுத்த முகத்தைப் பார்த்து ஐயருக்குச் சந்தேகம் தீராததில் பிழையில்லை.

குணமணி அம்மா அப்படியே கிணற்றுக் கட்டிலே குந்தித் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார். ஒரே மகனை உயிரோடு கரையேற்றப் பார்த்தவன் அந்தத் தாய்க்கு என்ன சமாதானம் சொல்வது? நான் ஓடிப்போய் வானுக்குள் இருந்துகொண்டேன். அவர்கள் வர ஒரு மணித்தியாலம் சென்றது. அவர்களின் ஹோட்டல் வாசல் வரை நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்; வீட்டுக்கு வந்தும் ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தான், லோஜினிக்கு முப்பத்திரண்டு வயது. இதற்கு முன்னும் மூன்று இடம் தட்டிப்போனது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் குணமணி அம்மாவோடு பேசி, தகப்பன்தான் விசரன், பிள்ளை தங்கமான பிள்ளை என்று சொல்லுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். எனக்கு வேறு கதி இல்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கோணேசர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும். நேரமிருந்தால் என்னையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பாக்கியரத்தினம்

பி.கு.: இதைப் படம் பிடிக்க எடுக்கும்போது குணமணி அம்மா மகனோடு வந்துவிட்டார். "அண்ணை, இவன்ர அப்பாவுக்கு அங்க ஒழுங்காக் கிரியை செய்யக் கிடைக்கேல்லை. பனிக்குள்ள, வாடகை மண்டபத்தில, அவசரமாச் செய்தது. ரெண்டு வருசமா மனசுக்குள்ள கிடந்தது. நேற்று நீங்கள் வானுக்குப் போனாப் பிறகு அந்த ஐயரைக் கொண்டே செய்விச்சனாங்கள். லோஜினிதான் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. எனக்கு இந்தப் பிள்ளை போதும்" என்றார். ஆவணியில் கலியாணமாம், ஐப்பசியில் நோர்வே பயணமாம். லோஜினியும் குசினி வாசலில் நின்று ஓம் என்று தலையாட்டினாள்.

நோர்வே எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று வருடமாக மாப்பிள்ளை தேடினேனே, கிடைத்தால் அவள் போய்விடுவாள் என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அத்தான், மேலே எழுதிய ஒன்றையும் கவனியாதேயுங்கள். குணமணி அம்மாவோடு பேசி எப்படியாவது இதைக் குழப்பிவிடுங்கள். சுலோஜனாவுக்குத் தெரிய வேண்டாம்; அவள் உள்ளே தாலிக்கொடிக்கு நகைக்கடையோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.