ஸ்பெயின்ல என்ன ஆளுங்க?

நான் வாசித்து முடித்தபோது மணி பதினொன்று நாற்பது. தாளிலிருந்து தலையை நிமிர்த்தியதும் முதலில் கண்ணில் பட்டது, தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அசையாமல் நின்றுவிட்ட ஒரு மெதுவடை. அதைப் பிடித்திருந்தவர் என் அக்கா கணவரின் அண்ணன், லிங்கராஜபுரம் சூசை மாமா. அவர் கையில் எடுத்த வடை பாதி வழியில் நின்றதை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

காக்ஸ் டவுனில் அக்கா வீட்டு ஹாலில் நடந்த அந்த விபத்துக்கு நான்தான் காரணம் என்று எங்கள் குடும்பம் இன்றுவரை சொல்கிறது. மறுக்கிறேன். நான் வாசித்ததில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. கேட்டார்கள், சொன்னேன். கேட்டவர்களை விட்டுவிட்டுச் சொன்னவளைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

நடந்தது இதுதான். அக்கா மகள் ஷாலினி, தன்னோடு வேலை செய்யும் ஸ்பெயின் நாட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக வீட்டில் சொன்னாள். பெயர் ஹாவியர் எக்ஸ்போசிட்டோ. நான் எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை. ஹாவியர் என்பது நம் சவேரியாரின் பெயர்தான் என்று தெரிந்ததும் அக்கா அழுதே விட்டாள். பையன் கத்தோலிக்கன், பூசைக்குப் போகிறவன், அவன் அம்மா தினமும் செபமாலை சொல்கிறவர். போதாததற்கு, அக்கா செய்த மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். “நம்ம வீட்டுப் பையன் மாதிரியே இருக்கான் ஸ்டெல்லா” என்று அக்கா கணவர் அந்தோணிராஜ் மாமா எனக்கு ஃபோன் செய்து சொன்னார்.

பிறகு சூசை மாமா வந்தார். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு ஸ்கூட்டர்கூட வாங்கியதில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் சரி. என்ன ஆளுங்க?”

“ஸ்பெயின் ஆளுங்கண்ணா.”

“அது தெரியுது அந்தோணி. ஸ்பெயின்ல என்ன ஆளுங்க?”

இதைக் கேட்டவர், லிங்கராஜபுரத்தில் தன் பங்குக் கோவிலில் பீடத்தருகே நின்று வாசகம் வாசிப்பவர். (கடவுள் முன் எல்லோரும் சமம் என்று வரும் இடத்தில் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்.) ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. எல்லாம் கரைந்தும் இந்த ஒரு கேள்வி மட்டும் அந்தத் தண்ணீரில் கரையவில்லை.

வெள்ளைக்காரன் சும்மா சர்நேம் வைக்க மாட்டான், அதை வைத்தே வம்சத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவரே வழியும் சொன்னார். எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். தங்களிடம் இல்லாத ஒரு அளவுகோலை வைத்து அடுத்தவனை அளக்கக் கிளம்பினார்கள். அளக்கும் வேலை எனக்கு வந்தது, பேப்பரில் இருப்பவள் என்பதால்.

நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் பத்திரிகையில் துணை ஆசிரியராக நான் தலைநரைத்தும், இந்தக் குடும்பம் என்னிடம் அதுவரை கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மணமகள் தேவை விளம்பரத்துக்குத் தள்ளுபடி உண்டா? முதல் முறையாக அறிவு சம்பந்தமாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். உடனே உட்கார்ந்துவிட்டேன். மடச்சி.

இணையத்தில் முதலில் கிடைத்தது குப்பை. எந்த ஸ்பானியப் பெயரைத் தட்டினாலும் ஒரு கேடயம், அதன்மேல் சிங்கம், அதையே அச்சடித்த காபிக் கோப்பை விற்பனைக்கு. அந்தச் சிங்கத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சூசை மாமா என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார். ஆனால் நான்தான் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவள் ஆயிற்றே. தேடினேன், இன்னொரு இடத்தில் சரிபார்த்தேன், உண்மையைக் கண்டுபிடித்தேன். சம்பந்தப்பட்ட பையனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை இதற்காகவே நான் திட்டுவதுண்டு.

நான் வாசித்த அந்த ஞாயிறு ஹாவியரின் அம்மா கார்மென் வந்திருந்தார். அப்பா உயிரோடு இல்லை. அந்தோணிராஜ் மாமா எல்லோர் முன்னிலையிலும் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் பங்குச் சாமியாரிடம் கல்யாண அறிவிப்புக்கு ஓலை கொடுக்கலாம், அவர் மூன்று ஞாயிறு கோவிலில் அதை வாசிப்பார், கல்யாணம் நடக்கும். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் கோவில் படி ஏறமாட்டேன் என்று ஷாலினி என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அண்ணன் முகம் சுளித்தால் அந்தோணிராஜ் மாமாவுக்கு வாய் திறக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செபம் முடிந்தது. வடை வந்தது. “ஸ்டெல்லா, படிம்மா” என்றார் சூசை மாமா.

நான் எழுந்து நின்று, நல்ல தமிழில், தோற்றம், பொருள், பரவல் என்று மூன்று பகுதியாக வாசித்தேன். தங்கள் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் ஹாவியரும் அவன் அம்மாவும் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்போசிட்டோ என்பது லத்தீன் மூலம் கொண்டது. பொருள், வெளியே விடப்பட்டவர். பெற்றவர்களால் வளர்க்க முடியாமல் கோவில் வாசலிலும், அனாதை இல்லத்துச் சுவரில் இருந்த சுழல் பெட்டியிலும் விட்டுச் செல்லப்பட்ட குழந்தைகளுக்கு வைத்த பெயர். ஊருக்கு ஊர் இப்படிக் குழந்தைகள் இருந்ததால், ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத ஏராளமான பேர் இன்றும் இதே பெயரில் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அரசாங்கம் விரும்பியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றது. பலர் மாற்றிக்கொண்டார்கள். நன்றி, வணக்கம்.

(ஆமாம், நன்றி வணக்கமும் சொன்னேன்.)

அப்போதுதான் வடை நின்றது.

“அப்பன் பேர் தெரியாத வம்சம்னு சொல்லு” என்றார் சூசை மாமா. அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. அந்தோணிராஜ் மாமா தரையில் ஒரு டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாலினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நான் தயாராக இல்லை.

என்ன நடக்கிறது என்று ஹாவியர் கேட்டான். ஷாலினி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், பெரியப்பா சொன்ன வரியையும் சேர்த்து. அவன் அதை ஸ்பானிய மொழியில் அம்மாவிடம் சொன்னான். கார்மென் கோபப்படவில்லை. அத்தனையும் உண்மை என்றார். அவர் கணவரின் கொள்ளுத் தாத்தா ஒரு பனிக்கால இரவில் அனாதை இல்லத்து வாசலில் கிடைத்த குழந்தை. பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தபோது, யாரோ எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான், இதையும் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

முதல் சந்திப்பிலேயே குடும்பப் பெயரைப் பற்றிப் பேசுவதுதான் இந்த ஊர் மரியாதை என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். சூசை மாமா பக்கம் திரும்பி, மிகுந்த பணிவோடு ஏதோ கேட்டார். ஹாவியர் அதை ஆங்கிலத்தில் ஷாலினியிடம் சொன்னான்.

“உங்க குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்க பெரியப்பா” என்றாள் ஷாலினி.

“நமக்கேது சர்நேம்? இல்லைன்னு சொல்லு.”

“சரி, உங்க தாத்தாவோட அப்பா பேரையாச்சும் சொல்லுங்க. அவங்க அவ்வளவு தூரம் சொன்னாங்கள்ல.”

சூசை மாமா வடையைப் பார்த்தார். “ராயப்பன்” என்றார்.

எதிர் சோபாவிலிருந்து அவர் மனைவி, “அது உங்க தாத்தா” என்றார்.

அந்தோணிராஜ் மாமா இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாவியரின் தோளில் கை வைத்தார்.

“நாளைக்கே ஃபாதரைப் பார்த்து ஓலை குடுத்துடறேன். அண்ணா, வடையைச் சாப்பிடுங்க, ஆறிடப்போகுது.”

கல்யாணம் நன்றாக நடந்தது. எல்லாப் புகைப்படத்திலும் நடுவில் நிற்பவர் சூசை மாமா. அந்தச் சம்பந்தத்தைத் தானே முன்னின்று முடித்ததாக லிங்கராஜபுரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ‘வம்சம்’ என்று வாய் கூசாமல் சொன்னவருக்கு முன்வரிசை நாற்காலி. சரிபார்த்துச் சொன்ன எனக்கு என்ன கிடைத்தது? இன்றுவரை எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை யாரென்று எனக்கு அழைப்பிதழ் அச்சான பிறகுதான் தெரியும். “சித்திக்குச் சொல்லாதீங்க, படிச்சுக் காட்டிடுவாங்க” என்று பிள்ளைகள் என் எதிரிலேயே சொல்லிச் சிரிக்கின்றன. பிறந்தநாள் விழாவில் நான் தொண்டையைக் கனைத்தால் யாராவது ஒருவர் மைக்கை எடுத்து ஒளித்துவைக்கிறார்.

ஷாலினியும் ஹாவியரும் இப்போது ஸ்பெயினில் இருக்கிறார்கள். போன வருடம் பெண் குழந்தை பிறந்தது. அந்த ஊர் வழக்கப்படி குழந்தையின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் குடும்பப் பெயர், அதன்பின் அம்மாவின் குடும்பப் பெயர் என்று இரண்டும் வரும். ஷாலினியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அவள் அப்பா பெயர்தான் இருக்கிறது. குழந்தையின் பெயர் லூசியா எக்ஸ்போசிட்டோ அந்தோணிராஜ்.