ஆல்ப்ஸ் மலையில் ஷூவைக் கழற்றிய கதை

சிவகாசிப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் வெடி போடத் தெரியும் என்று நீங்கள் நம்பினால், தப்பு உங்கள்மேல் இல்லை. வெளியூர் போனால் நாங்களே அப்படித்தான் அளந்துவிடுகிறோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் தாயில்பட்டிக்காரி, அப்பா பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நானோ கம்பி மத்தாப்புக்கு மேல் எதையும் கொளுத்தியதில்லை. (அதையும் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.)

இந்த லட்சணத்தில்தான், சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் செல்வி அக்காவோடு ஒரு மலைக் கிராமத்துக்குப் போனேன். நாலு தெரு, ஒரு சர்ச், மனிதர்களைவிட அதிகமாக மாடுகள். எனக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாக வேண்டும். மாட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மணி? பாலாடைக்கட்டியை உருக்கி, அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுகிறார்களே, அதில் சாத்தூர் காராச்சேவைத் தூவினால் என்ன ஆகும்? (தூவினேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் யோசெஃப் பொட்டலத்தைத் திருப்பித் தரவேயில்லை.) மலைப்பாதையில் எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கூட வணக்கம் சொல்லிவிட்டுப் போவது அங்கே வழக்கம். எனக்கு அது போதவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்த ஒவ்வொருவரிடமும் தமிழிலேயே, "சாப்பிட்டீகளா?" என்று விசாரித்தேன்.

அந்த உற்சாகத்தில் யோசெஃபிடம் ஊர்ப் பெருமையையும் அவிழ்த்துவிட்டேன். வானத்தில் பூப்பூவாக விரிவதெல்லாம் எங்கள் கைவேலை என்றேன். மனிதர் எழுந்து நின்றே விட்டார். மறுநாள் அவர்களுடைய தேசிய நாளாம். பொழுது சாயும்போது மலைக்கு மலை விறகு அடுக்கித் தீ மூட்டுவார்களாம். அந்த ஊரில் மூட்டுகிற பொறுப்பு அவருடையது. அதை இந்த வருடம் எனக்கே தருவதாகச் சொன்னார்.

அக்கா என் காதில், "பேசாம மாட்டேன்னு சொல்லிரு. ஊதுபத்தி கொளுத்தவே ஒனக்குக் கை நடுங்கும்" என்றாள். ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே! தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் ஊரே புல்வெளியில் கூடியிருந்தது. என்னைப்போல் மூன்று ஆள் உயரத்துக்கு விறகு. பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ராக்கெட். யோசெஃப் தீப்பந்தத்தை நீட்டினார். பெட்டியைப் பார்த்ததும் என் மூளை நின்றுபோனது. பழக்கம் மட்டும் வேலை செய்தது. காலேஜ் லீவில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது கம்பெனி வாசலில் என்னென்ன செய்வேனோ, அத்தனையும் செய்தேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்றினேன். செல்போனை அக்காவிடம் கொடுத்தேன். அடுத்து, உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்க ஒரு செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அங்கே தகட்டுக்கு எங்கே போவது? வேலியில் தொங்கிய வெண்கல மாட்டு மணியில் உள்ளங்கையைப் பதித்தேன். டங்.

யோசெஃப் தொப்பியை எடுத்தார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார். அடுத்து அவர் மனைவி. அடுத்து ஊர்த் தீயணைப்புப் படை, சீருடையோடு. ஐஸ் மாதிரிக் கிடந்த ஈரப் புல்லில், சாணியை மிதித்துக்கொண்டு, மணியைத் தொட ஊரே வெறுங்காலோடு வரிசையில் நின்றது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றாள் அக்கா.

"பழக்கதோஷம்க்கா. நிறுத்தச் சொல்லு."

"எப்படிச் சொல்ல? சாமி கும்பிடுற மாதிரில்ல நிக்கிறாக."

வரிசையின் கடைசியில் ஒரு தாய் கைக்குழந்தையின் சாக்ஸை உருவிக்கொண்டிருந்தபோது, எதிர் மலைகளில் ஒவ்வொன்றாகத் தீ தெரிந்தது. எங்கள் மலையில் மழை வந்தது. தூறல் இல்லை, கொட்டியது. பந்தம் அணைந்தது, விறகு ஊறியது, ராக்கெட் பெட்டி கூழானது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே நெருப்பில்லாமல் கிடந்த ஒரே ஊர், பட்டாசு ஊர்க்காரியைக் கூப்பிட்ட ஊர்தான்.

எல்லோரும் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கினோம். இந்தச் சடங்கு எதற்காக என்று யோசெஃப் கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கம்பெனியில் எதுவும் தீப்பிடித்துவிடாமல் இருக்க, வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் வீடு திரும்ப என்றேன். அக்கா மொழிபெயர்த்தாள். அவர் தன் சேற்றுக் கால்களைப் பார்த்தார். வெளியே நனைந்துகொண்டிருந்த விறகைப் பார்த்தார். பிறகு நிதானமாக ஏதோ சொன்னார். கொட்டகையே சிரித்தது. அக்காவால் உடனே சொல்ல முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நல்லாவே வேலை செஞ்சிருக்குங்கிறாருடி."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பைக் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், அடுப்புப் பற்றாவிட்டாலும், "ஏத்தா, மணியத் தொட்டியா?" என்பார் அப்பா.

அடுத்த வருடம் யோசெஃப் ஒரு போட்டோ அனுப்பினார். பின்னால் நெருப்பு ஓங்கி எரிகிறது. முன்னால் ஊரே வெறுங்காலோடு சிரிக்கிறது. இந்த முறை முதலில் மூட்டிவிட்டு, அப்புறம்தான் ஷூவைக் கழற்றினோம் என்று எழுதியிருந்தார். பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவே இல்லை.

"கொளுத்துனதுக்கப்புறம் கழட்டி என்னத்துக்கு? இவுகளுக்கு எவ ட்ரெயினிங் குடுத்தது?"